வராத விளையாட்டின் பேரில் வாங்கிய கடன்

2024 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஏறத்தாழ ஆறு நிமிடப் படம் ஒன்று திரையிடப்பட்டது. ஸ்ட்ராம்ஃபோர்ட் என்றொரு வடதேசத்துக் குக்கிராமம். மியோனி என்ற இளம்பெண்ணை ஊரார் காட்டுப் பூதத்துக்குப் பலியாக அனுப்பிவைக்கிறார்கள். கன்னத்தில் தழும்பும் சாம்பல் நிறக் கூந்தலுமாக ஒருத்தி இடையில் புகுந்து, மருந்துக் குப்பியைக் காலிசெய்து, சங்கிலியைச் சுழற்றிப் பூதத்தைச் சாய்க்கிறாள். ஊருக்குத் திரும்பிப் பார்த்தால், காப்பாற்றிய பெண் செத்துக் கிடக்கிறாள். கொன்றது பூதமில்லை, ஊர்.

அந்த வாள்காரியின் பெயர் சிரி. போலந்தின் சி.டி. ப்ராஜெக்ட் நிறுவனம் உருவாக்கிவரும் 'தி விட்சர் 4' விளையாட்டின் நாயகி. படம் பிரமாதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆறு நிமிடத்தில் விளையாடக்கூடிய காட்சி ஒரு நொடிகூட இல்லை. அன்ரியல் இன்ஜின் 5இல், அப்போது சந்தைக்கே வராத என்விடியா கார்டு ஒன்றின் துணையுடன் முன்கூட்டியே வரைந்து முடித்த அசைபடம் அது. முழுவீச்சிலான உற்பத்தி தொடங்கிவிட்டதாக நிறுவனம் அறிவித்தது அதற்குச் சில வாரங்கள் முன்புதான்.

மறுநாள் விடிவதற்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. சிரி நாயகியானதைக் கொண்டாடியவர்கள் ஒரு பக்கம். விட்சரைக் கெடுத்துவிட்டார்கள் என்று கொதித்தவர்கள் மறு பக்கம். இருவரும் பேசியது எவரும் தொட்டுப் பார்க்காத ஒரு பண்டத்தைப் பற்றி. இந்தச் சண்டை ஏன் இவ்வளவு சூடாக நடக்கிறது, இதில் எது உண்மையான கேள்வி என்பதை அந்த நிறுவனத்தின் கடந்த காலத்தைப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும். சுருக்கமாகச் சொன்னால், சி.டி. ப்ராஜெக்ட் விற்பது விளையாட்டை மட்டுமல்ல. விளையாட்டு வரும்வரையிலான நம்பிக்கையையும் சேர்த்துத்தான். அந்த நம்பிக்கை கடனாக வாங்கப்படுவது. ஒருமுறை அது திரும்பச் செலுத்தப்பட்டது. மறுமுறை ஏறக்குறைய திவாலானது.

பெட்டிக்குள் வைத்த வரைபடம்

1994இல் வார்சாவில் மார்ச்சின் இவின்ஸ்கி, மிஹாவ் கிச்சின்ஸ்கி என்ற இரு பள்ளிக்கூட நண்பர்கள் வெளிநாட்டு சி.டி. விளையாட்டுகளை இறக்கி விற்க ஆரம்பித்தார்கள். கம்யூனிச ஆட்சி முடிந்து ஐந்தாண்டுகூட நிறைந்திராத போலந்தில் நகல் சி.டி.தான் சந்தையே. சந்தைக் கடையில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும் பொருளை முழு விலைக்கு யார் வாங்குவார்கள்? இவர்கள் கண்ட வழி, நகல்காரனால் கொடுக்க முடியாததைக் கொடுப்பது. 1999இல் 'பால்டர்ஸ் கேட்' என்ற பெரிய கதை விளையாட்டைப் புகழ்பெற்ற போலந்து நடிகர்களின் குரலில் முழுக்க மொழிமாற்றிக் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறந்தால் வரைபடம், புத்தகம் என்று கைநிறையப் பொருள். முதல் நாளிலேயே 18,000 பிரதிகள் போனதாக நிறுவனத்தார் சொல்வதுண்டு. அந்தச் சந்தைக்கு அது நம்ப முடியாத எண்.

இந்தப் பழக்கம்தான் பிறகு நிறுவனத்தின் குணமென்றே ஆனது. 2008இல் அவர்கள் தொடங்கிய ஜி.ஓ.ஜி. இணையக் கடையில் வாங்கும் விளையாட்டுக்கு நகல் தடுப்புப் பூட்டு எதுவும் கிடையாது. 2015 மே மாதம் 'தி விட்சர் 3' வந்தபோது, மற்ற நிறுவனங்கள் குதிரைக்கு உடுப்பு விற்றுக் காசு பார்த்த காலத்தில், இவர்கள் 16 சிறு இணைப்புகளை இலவசமாகவே தந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த 'ப்ளட் அண்ட் வைன்' என்ற கட்டண விரிவாக்கம் தனி விளையாட்டென்றே சொல்லத்தக்க அளவு பெரியது. விட்சர் 3 இதுவரை 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருப்பதாக 2025இல் நிறுவனம் அறிவித்தது. போலந்துக்காரர்களுக்கு இது வணிகக் கணக்கு மட்டுமில்லை. 2011இல் வார்சா வந்த ஒபாமாவுக்குப் பிரதமர் டொனால்ட் டஸ்க் கொடுத்த பரிசுகளில் விட்சர் 2 விளையாட்டும் இருந்தது. நாட்டின் பெருமைக்குரிய பொருள்கள் வரிசையில் ஒரு வீடியோ கேம் இடம்பிடித்த சம்பவம் அதற்கு முன்பு எங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

இந்த நல்ல பெயரை வைத்துத்தான் அடுத்த கடன் வாங்கப்பட்டது.

துண்டைக் காட்டி முழுமையை விற்பது

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பேசியாக வேண்டும். ஆர்.பி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வகையில், விளையாடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் திறன்களை வளர்த்து, முடிவுகளை எடுத்துக் கதையை நகர்த்துகிறார். இதையே திறந்த உலகத்தில் அமைத்தால், எந்தத் திசையில் வேண்டுமானாலும், எந்த வரிசையில் வேண்டுமானாலும் போகலாம். கோட்டை வாசல் வழியாக நுழையலாம், மதிலேறிக் குதிக்கலாம், கோட்டைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் நூறு மணி நேரம் மீன்பிடி கிராமங்களில் சுற்றலாம்.

நேர்கோட்டுக் கதையுள்ள விளையாட்டின் பத்து நிமிடத்தைப் பார்த்தால் மற்ற பத்து மணி நேரமும் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். திறந்த உலகத்தில் அது நடக்காது. அதன் மதிப்பு எந்த ஒரு காட்சியிலும் இல்லை. காட்சிகளுக்கு நடுவே இருக்கிறது. மழை பெய்யும்போது சந்தையில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், நீங்கள் கொன்ற காவலாளியைப் பற்றி அடுத்த ஊரில் யாராவது பேசுகிறார்களா, குதிரையில் வேகமாகப் போனால் முன்னால் வரும் ஊர் சரியான நேரத்தில் நினைவகத்துக்கு வந்து சேருகிறதா என்பவைதான் விளையாட்டின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. இவை எல்லாமே கடைசிக் கட்டத்தில், எல்லாப் பகுதிகளும் ஒன்றாகப் பொருத்தப்பட்ட பிறகே தெரியவரும். ஆனால் விளம்பரமோ நான்கு வருடத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆகவே நிறுவனங்கள் ஒரு துண்டை மட்டும் எடுத்து மெருகேற்றிக் காட்டுகின்றன. அந்தத் துண்டு பொய்யாக இருக்க வேண்டியதில்லை. முழுமையின் மாதிரி என்று அதை நாம் எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

விட்சர் 3இலேயே இதன் முதல் அத்தியாயம் நடந்தது. 2013இல் காட்டிய முன்னோட்டத்தில் இருந்த புகை, ஒளி, இலைகளின் அடர்த்தி 2015இல் வந்த விளையாட்டில் இல்லை. தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று வெளியான வாரமே கூச்சல் எழுந்தது. நிறுவனத்தார் யூரோகேமர் இதழுக்கு அளித்த விளக்கம் நேர்மையானது: அன்று காட்டியது அன்று கணினியில் உண்மையாகவே ஓடிய காட்சிதான், ஆனால் முழு உலகத்தையும் கட்டியபோது அந்த முறை தாங்கவில்லை, மாற்ற வேண்டிவந்தது. விளையாட்டு நன்றாக இருந்ததால் மக்கள் மன்னித்தார்கள். மன்னிப்பு சுலபமாகக் கிடைத்ததே பின்னால் தீமையாக முடிந்தது என்பது என் கணிப்பு.

2020 டிசம்பர் 10

இதே நிறுவனத்தின் அடுத்த விளையாட்டான 'சைபர்பங்க் 2077' அறிவிக்கப்பட்டது 2012இல். 2013 ஜனவரியில் வந்த சிறு முன்னோட்டத்தில் தேதி இருந்த இடத்தில், தயாரானதும் வரும் என்று மட்டும் போட்டிருந்தார்கள். ரசிகர்கள் அந்தக் கம்பீரத்துக்குக் கைதட்டினார்கள். 2018இல் ஏறத்தாழ முக்கால் மணி நேரக் காட்சி வெளியானது; மூலையில் 'இன்னும் உருவாக்கத்தில் உள்ளது' என்ற குறிப்பு நிலையாக இருந்தது. அதில் நாயகி கைக்கத்திகளால் சுவரைப் பற்றிக்கொள்வாள். 2020இல் அந்த வசதி நீக்கப்பட்டது. 2018 முன்னோட்டத்தில் நகர ரயில் ஒன்று ஓடும். விளையாடுபவர் அந்த ரயிலில் உட்கார்ந்து பயணிக்க முடிந்தது 2023 டிசம்பரில் வந்த 2.1 பதிப்பில்தான். 2019இல் நடிகர் கியானு ரீவ்ஸ் மேடையில் தோன்றி 2020 ஏப்ரல் 16 என்று தேதி சொன்னார். அது செப்டம்பர் 17 ஆனது, பிறகு நவம்பர் 19, பிறகு டிசம்பர் 10. கடைசித் தள்ளிவைப்பு நடந்தது, விளையாட்டு அச்சுக்குப் போய்விட்டது என்று அறிவித்த ஏறத்தாழ மூன்று வாரத்தில். ஏமாந்தவர்களில் சிலர் உருவாக்குநர்களுக்குக் கொலை மிரட்டல் அனுப்பினார்கள். மூன்று வாரத் தாமதத்துக்குக் கொலை மிரட்டல்! காத்திருப்பு எந்த அளவுக்கு ஊதிப் பெருக்கப்பட்டிருந்தது என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

வெளியீட்டுக்கு முன்பே 80 லட்சம் பேர் பணம் கட்டியிருந்தார்கள். விமர்சகர்களுக்கு அனுப்பப்பட்டது பி.சி. பதிப்பு மட்டும், அதிலும் அவர்கள் தாங்களாகப் பதிவுசெய்த காட்சிகளைக் காட்டக்கூடாது, நிறுவனம் தந்ததையே பயன்படுத்த வேண்டும். மதிப்பெண்கள் 90ஐ ஒட்டி வந்தன. பிளேஸ்டேஷன் 4 பதிப்பை விமர்சகர் ஒருவர்கூட விளையாடிப் பார்க்காத நிலையில் அதே 80 லட்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கன்சோல்களுக்காக வாங்கப்பட்டிருந்தது. 10ஆம் தேதி அவர்கள் கண்டது: முகமில்லாத மனிதர்கள், மெழுகுபோல் உருகி நிற்கும் கட்டடங்கள், அரைமணிக்கொரு முறை நின்றுபோகும் விளையாட்டு. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. அது மீண்டும் அலமாரிக்கு வர 2021 ஜூன் ஆயிற்று. வார்சா பங்குச் சந்தையில் நிறுவனத்தின் பங்கு அந்த மாதத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அமெரிக்காவில் முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்கு 18.5 லட்சம் டாலரில் சமரசமானது.

காரணம் என்ன? 2021 ஜனவரியில் இவின்ஸ்கி வெளியிட்ட காணொளியில் சொன்னது, பழைய கன்சோல்களில் நகரத்தைத் துண்டு துண்டாக வட்டிலிருந்து எடுத்துத் திரைக்கு ஊட்டும் முறைதான் சறுக்கியது என்று. நகரத்தை முதலில் உயர்ரக பி.சி.யில் ஜொலிக்கும்படி கட்டிவிட்டு, பிறகு 2013இல் வந்த, சுழலும் வட்டுள்ள கன்சோலுக்குள் அதைத் திணிக்கப் பார்த்தார்கள். நெரிசலான நகரத்தில் காரில் போகும்போது அந்த வட்டு தலைசுற்றிப்போனது. பழைய கன்சோல்களுக்கு இன்னும் கால அவகாசம் வேண்டும் என்ற அறிகுறிகளைத் தாங்கள் புறக்கணித்ததாக, வெளியான சில நாளிலேயே முதலீட்டாளர் கூட்டத்தில் நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

இன்னொரு கடனும் இருந்தது. அது ஊழியர்களிடம் வாங்கியது. கட்டாய மிகைநேர வேலை இருக்காது என்று 2019இல் நிறுவனம் பகிரங்கமாக வாக்குக் கொடுத்தது. 2020 செப்டம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை கட்டாயம் என்று உள்ளே அறிவித்ததை ப்ளூம்பெர்க் வெளிக்கொண்டுவந்தது. மிகைநேரத்துக்குச் சம்பளம் உண்டு என்று நிர்வாகம் பதில் சொன்னது. வாக்கு வாக்குதானே. வாடிக்கையாளருக்குக் கொடுத்த தேதியைக் காப்பாற்ற ஊழியருக்குக் கொடுத்த சொல் பலியானது. கடைசியில் இரண்டும் காப்பாற்றப்படவில்லை.

பிறகு மூன்றாண்டுகள் சரிசெய்தார்கள். 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பும் 'ஃபேண்டம் லிபர்ட்டி' விரிவாக்கமும் விளையாட்டை உண்மையாகவே மீட்டெடுத்தன. 2024 இறுதிக்குள் விற்பனை 3 கோடியைத் தாண்டியது. இன்று அதை முதல்முறை விளையாடுபவருக்கு 2020இல் என்ன ரகளை என்றே விளங்காது. 'மீட்சி' என்று இதைப் புகழ்ந்து எழுதாத இதழ் இல்லை. முதல் நாளில் முழு விலை கொடுத்தவர்தான் மூன்றாண்டுச் சோதனைக்கு நிதி கொடுத்தவர் என்பதை அந்தப் புகழுரைகள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

சிரி மேல் வந்த வழக்கு

இந்தப் பின்னணியோடு 2024 டிசம்பர் சண்டைக்கு வருவோம். ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கி 1986இல் 'ஃபன்டாஸ்டிகா' இதழில் எழுதிய சிறுகதையில் பிறந்தவன் கெரால்ட், முந்தைய விட்சர் விளையாட்டுகளின் நாயகன். கூலிக்குப் பூதம் கொல்லும் விட்சர். சிறுவயதில் நஞ்சும் மூலிகையும் ஏற்றி உடலை மாற்றும் 'புற்களின் சோதனை'யைக் கடந்தவன். அந்தச் சோதனையில் பெரும்பாலான சிறுவர்கள் செத்துப்போவார்கள். சிரி அவனுடைய வளர்ப்பு மகள். விட்சர்களின் கோட்டையில் வாள் பயின்றாள்; சோதனைக்கு உட்படவில்லை. புதிய விளையாட்டில், விட்சர் 3 முடிந்த பிறகு அவள் அந்தச் சோதனையைக் கடந்திருக்கிறாள் என்கிறார்கள் உருவாக்குநர்கள். பெண் விட்சர் ஆக முடியாதென்பது நூலின் விதி, அதை மீறிவிட்டார்கள் என்பதுதான் எதிர்க்கட்சியின் முதல் வாதம்.

நூலையே சாட்சிக்கு அழைப்பதாக இருந்தால் இந்த வாதம் நிற்காது. சப்கோவ்ஸ்கியின் கதைத்தொடர் 1999இல் முடியும்போது கெரால்ட் ஒரு கலவரத்தில் கவைக்கோலால் குத்தப்பட்டு விழுகிறான். அவனை எழுப்பிக் கொண்டுவந்ததே 2007இல் வந்த முதல் விளையாட்டுதான். நூல்தான் சட்டம் என்றால் விட்சர் விளையாட்டே இருக்கக்கூடாது. மேலும், விட்சர் 3இல் சபிக்கப்பட்ட ஊமா என்ற குறளுருவை மீட்க அதே புற்களின் சோதனையை விட்சர்களின் கோட்டையில் யென்னஃபர் என்ற சூனியக்காரி நடத்துவதை விளையாடியவர் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வழி மறந்துபோகவில்லை என்று பத்தாண்டுக்கு முன்பே விளையாட்டு சொல்லிவிட்டது. அந்த விளையாட்டின் ஒரு முடிவில் கெரால்ட் சிரிக்கு வெள்ளிவாள் செய்து கொடுத்து அவளை விட்சராகவே வழியனுப்புகிறான். கெரால்டுக்குக் குரல் கொடுக்கும் டக் காக்லேகூட, எதிர்ப்பாளர்கள் நூல்களைப் படிக்கட்டும் என்று எரிச்சலோடு சொன்னார்.

எழுத்தாளரின் நிலையோ தனிக் கூத்து. விளையாட்டு ஓடும் என்று நம்பாமல், பங்கு வேண்டாம், மொத்தமாகப் பணம் கொடுங்கள் என்று உரிமையை விற்றவர் சப்கோவ்ஸ்கி. 2018இல் வழக்கறிஞர் மூலம் 6 கோடி ஸ்லோட்டி கேட்டார். 2019 டிசம்பரில் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. தன் நூல்களின் தொடர்ச்சியாக விளையாட்டுகளை அவர் ஒருபோதும் ஏற்றதில்லை. விதி மீறப்பட்டதென்று சண்டை போடுபவர்கள் யார் சார்பில் போடுகிறார்கள் என்பதே தெளிவில்லை.

சிரியின் முகத்தைப் பற்றிய பேச்சு இதைவிட மலிவு. முதிர்ந்துவிட்டாள், அழகு குறைந்துவிட்டாள் என்று படத்துக்குப் படம் நிறுத்தி ஒப்பிட்டார்கள். சில வாரம் கழித்து வந்த பின்னணிக் காணொளியில் முகம் வேறாகத் தெரிந்ததும், எங்கள் எதிர்ப்புக்குப் பணிந்துவிட்டார்கள் என்று கொண்டாடினார்கள். இரண்டிலும் ஒரே முகவார்ப்புதான், மாற்றவில்லை என்று நிறுவனம் விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. விளக்கும் கேமராவும் மாறினால் முகம் மாறித் தெரியும். கைப்பேசி வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த விஷயம்.

இந்த இரைச்சலில் இரண்டு நியாயமான கேள்விகள் அமுங்கிப்போயின. ஒன்று, விட்சர் 3இல் சிரிக்கு மூன்று முடிவுகள் உண்டு: விட்சர் ஆகலாம், நில்ஃப்கார்ட் நாட்டின் பேரரசி ஆகலாம், மறைந்தே போகலாம். எந்த முடிவு என்பது விளையாடியவரின் நடத்தையைப் பொறுத்தது. உன் தேர்வுதான் கதை என்று சொல்லி விற்ற விளையாட்டில், அவளைப் பேரரசியாக்கியவரின் நூறு மணி நேரத்துக்கு இப்போது என்ன மதிப்பு? இரண்டு, சிரி மூத்த இரத்தம் உடையவள். உலகம் விட்டு உலகம் தாவக்கூடியவள். கிராமத்துக் கிணற்றுப் பிசாசு அவளுக்கு எம்மாத்திரம்? ஆர்.பி.ஜி.க்கு நாயகி கீழிருந்து வளர வேண்டும். சர்வவல்லமை உள்ளவளை எப்படிக் கீழே இறக்குவது? விளக்கம் விளையாட்டுக்குள்ளேயே வரும் என்கிறார்கள் உருவாக்குநர்கள். அவள் பெண் என்பதைவிட இது ஆயிரம் மடங்கு கடினமான சிக்கல். எழுத்தாளர்களுக்கு உண்மையான பரீட்சை இதில்தான்.

கோவிரின் சந்தை

2025 ஜூன் 3 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோவில், அன்ரியலை உருவாக்கும் எபிக் நிறுவனத்தின் மேடையில் இரண்டாவது துண்டு காட்டப்பட்டது. கெல்பி என்ற தன் கருங்குதிரையில் சிரி மலைப்பாதை வழியே வால்ட்ரெஸ்ட் துறைமுகத்துக்கு வருகிறாள். குதிரை ஓடும்போது தோலுக்கடியில் தசை புடைத்துத் தளர்வது தெரிகிறது. சந்தையில் 300 பேர் ஒரே நேரத்தில் நடமாடுகிறார்கள். ஊசியிலை மரங்கள் ஊசி ஊசியாகவே வரையப்பட்டிருக்கின்றன. களம் கோவிர், இதுவரை எந்த விட்சர் விளையாட்டிலும் வராத பணக்கார வடநாடு. (சப்கோவ்ஸ்கியின் நூலொன்றில் ரெடானியா என்ற நாட்டின் ஒற்றர்தலைவன் கடன் கேட்டுப் போவதும் இந்த நாட்டுக்குத்தான் என்பது வேடிக்கையான பொருத்தம்.)

இந்தக் காட்சியில் என்னை நிறுத்தியது மரமோ குதிரையோ இல்லை. சாதாரண பிளேஸ்டேஷன் 5இல், நொடிக்கு 60 சட்டங்களில் ஓடுகிறது என்ற அறிவிப்புதான். சைபர்பங்கை பி.சி.யில் கட்டிக் கன்சோலுக்கு இறக்கிய முறையைத் தலைகீழாக்கி, இம்முறை கன்சோலிலிருந்தே தொடங்குவதாக நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைமை அதன்பின் வந்த பேட்டிகளில் சொன்னது. இன்னும் பலவீனமான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் அதே 60ஐ எட்டுவது மிகக் கடினம் என்பதையும் மறைக்கவில்லை. 2020இல் பழைய கன்சோல்களைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு பேர் பணத்தைக் காப்பாற்றியிருப்பார்கள்!

சொந்த ரெட் இன்ஜினைக் கைவிட்டு அன்ரியலுக்கு மாறியதும் இதே பாடத்தின் தொடர்ச்சி. ஒவ்வொரு விளையாட்டுக்கும் இன்ஜினைத் திருத்திக்கொண்டே அதன்மேல் விளையாட்டையும் கட்டுவது, சைபர்பங்கில் தாங்க முடியாத சுமையாயிற்று. புதிய இன்ஜினுக்குப் புதிய ஆட்கள் வேண்டும். 2022 மார்ச்சில் பனியில் புதைந்த பதக்கம் ஒன்றின் படத்தை மட்டும் வெளியிட்டு, அன்ரியல் ஒப்பந்தத்தையும் சேர்த்து அறிவித்தார்கள். இவ்வளவு முன்கூட்டியே ஏன் என்று ரசிகர்கள் வியந்தார்கள். அந்த அறிவிப்பு ரசிகருக்கானது மட்டுமில்லை. வேலை தேடும் அன்ரியல் வல்லுநருக்கும் பங்குதாரருக்கும் சேர்த்துத்தான். அதே ஆண்டு அக்டோபரில், புதிய விட்சர் ஒரு முத்தொகுப்பின் முதல் பாகம், மூன்றும் ஆறாண்டுக்குள் வரும் என்று முதலீட்டாளர்களுக்குத் திட்டம் சொன்னார்கள். விட்சர் 3க்கும் சைபர்பங்குக்கும் நடுவே மட்டும் ஐந்தரை ஆண்டு இடைவெளி. ஆறாண்டில் மூன்று என்ற கணக்கைப் படிக்கும்போது, 2019இல் மேடையில் சொன்ன ஏப்ரல் 16 நினைவுக்கு வராமல் இருக்காது.

அன்ரியல் மேடைக் காட்சியையும் விளையாட்டென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தொழில்நுட்பச் செய்முறை, விளையாட்டின் பகுதியில்லை என்று நிறுவனமே தெளிவுபடுத்தியது. பாராட்டத்தக்க எச்சரிக்கை. அதே வேளையில் 2018 காட்சியின் மூலையிலும் ஓர் எச்சரிக்கை இருந்தது. எழுத்தை யாரும் படிக்கவில்லை. படத்தையே நினைவில் வைத்தார்கள். நிறுவனத்துக்கும் அது தெரியும்.

யார் கையில் பிடி

முதல் நாள் முதல் காட்சிக்கு முன்பதிவு செய்வதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. திரையரங்கில் நாற்காலி தீர்ந்துபோகும். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் விளையாட்டில் நாற்காலி தீர்வதில்லை. முதல் ஆளுக்கும் கோடியாவது ஆளுக்கும் அதே பிரதிதான். அப்படியிருந்தும் முன்பதிவு நீடிப்பதற்குக் காரணம், அது நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன். வெளியீட்டு நாள் விற்பனைக் கணக்கு. பங்குச் சந்தைக்கு நல்ல செய்தி. வாங்குபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் உடுப்பு, ஒரு வாள், இசைத் தொகுப்பு.

சி.டி. ப்ராஜெக்ட் பாடம் கற்றிருக்கிறது என்பதற்கு அறிகுறிகள் உண்டு. பலவீனமான இயந்திரத்திலிருந்து தொடங்குகிறார்கள். 2026 முடிவதற்குள் விட்சர் 4 வராது என்பதை 2025 மார்ச்சிலேயே முதலீட்டாளர்களிடம் தெளிவாகச் சொன்னார்கள். மேடையில் நட்சத்திரத்தை நிறுத்தித் தேதி சொல்லவில்லை. 400க்கும் மேற்பட்டோர் இதில் வேலை செய்கிறார்கள். அந்த 400 பேரின் வாரம் ஐந்து நாளா ஆறு நாளா என்பது கடைசி ஆறு மாதத்தில்தான் தெரியும். 2023இல் நிறுவனம் ஏறத்தாழ நூறு பேரை வேலையைவிட்டு நீக்குவதாக அறிவித்ததைத் தொடர்ந்து, போலந்தின் விளையாட்டுத் துறை ஊழியர்கள் சங்கம் அமைத்திருக்கிறார்கள். 2020இல் அப்படியொரு சங்கம் கிடையாது. வெளியே உள்ள ரசிகர் கூட்டத்தைவிட உள்ளே உள்ள இந்தச் சங்கம்தான் இம்முறை நல்ல காவலாளியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கற்காததற்கான சோதனையும் எளிது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்கு எந்தக் கன்சோலின் பிரதி போகிறது, அவர்கள் பதிவுசெய்த காட்சியை அவர்களே காட்ட அனுமதி உண்டா என்பதைப் பாருங்கள். இவை இரண்டும் 2020 டிசம்பரில் ஒழுங்காக நடந்திருந்தால் அந்த விபத்து முன்கூட்டியே ஊருக்குத் தெரிந்திருக்கும். சிரி பெண்ணா, அவள் கன்னம் உப்பியிருக்கிறதா என்று இன்னும் ஓராண்டு சண்டை போடுபவர்கள் போடட்டும். அந்தச் சண்டையும் இலவச விளம்பரம்தான். உங்களிடம் எந்த இயந்திரம் இருக்கிறதோ அதே இயந்திரத்தில், நிறுவனத்தைச் சாராத ஒருவர் விளையாடிக் காட்டும்வரை பணத்தைக் கட்டாதீர்கள். வெளியான மறுவாரமும் அது அதே விலைக்குக் கிடைக்கும்; அநேகமாக இன்னும் நன்றாகவும் ஓடும்.